கட்டில்ல ஓட்டுன லாரி

சன்னலோரம் நீயே உக்காந்துக்க கண்ணு. எனக்கு இந்த ஓரமே போதும். சேலந்தான போற? நானும் சேலந்தான். செவ்வாய்ப்பேட்டைல எங்கூட்டுக்காரர் லாரி லோடு ஏத்திக்கிட்டு நிக்குது, அங்க போறேன். அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்காத. நல்லாயிருக்குது. நல்லாயிருக்கறதுதான் இப்பப் பிரச்சனை.

பேரா? அவரு பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? திருச்செங்கோட்டு மலை மேல பாதி ஆம்பளை பாதி பொம்பளையா நிக்கறாரே, அந்தச் சாமி பேரு. ஆங், அதேதான், அர்த்தனாரி. நீ சொன்னா தப்பில்ல. எம்பேரு பாவாயி.

இருவத்தொம்பது வருசமா லைன் வண்டி ஓட்டறாரு. கௌகாத்தி, இந்தூரு, அகமதாபாத்துன்னு போனா, மாசத்துல நாலு நாளு வூட்ல இருந்தா அதிகம். அந்த நாலு நாளும் தூக்கம். எங்க பொண்ணு சின்னதுல, அப்பன்னா கட்டில்ல போத்திக்கிட்டுப் படுத்திருக்கற ஒரு ஆளுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தா. ஆனா நல்ல டிரைவரு கண்ணு. ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இடிச்சதில்ல. பனியில, மழையில, மலைப்பாதையில எங்கயும் ஒண்ணும் ஆவல. கடைசில எங்க விழுந்தாருங்கற? எங்கூட்டுக் கொல்லையில, முருங்கை மரத்துல இருந்து.

நான் ஒண்ணும் ஏறச் சொல்லுல. "மேல நாலு காயி இருக்குதுங்க, சாம்பாருக்கு ஆகும்"னு சொன்னேன். அது ஏறச் சொன்னதா? முருங்கைக் கெளை முறியும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். இவரு காலுக்கு அடியில இருந்த கெளை முறிஞ்சு, இவரு தொடையெலும்பு முறிஞ்சு, கையில மாத்தரம் ரெண்டு காயி கெட்டியா இருந்துச்சு.

ஆசுபத்திரில தொடைக்குள்ள கம்பி வெச்சு ஆப்பரேசன் பண்ணுனாங்க. வூட்டுக்கு அனுப்பறப்ப டாக்டர் என்னையக் கூப்பிட்டு, "அம்மா, மூணு மாசத்துக்குக் காலக் கீழ ஊனவே கூடாது"ன்னாரு. அதுக்கப்பறம் இன்னும் என்னென்னமோ சொன்னாரு. நான் மொத வார்த்தையிலயே எல்லாம் புரிஞ்சுக்கிட்டேன். ஊனக்கூடாதுன்னா அசையக்கூடாது. அசையக்கூடாதுன்னா நான் பாத்துக்கணும். இதுல வேற என்ன இருக்குது?

கட்டிலைத் தூக்கி டிவிக்கு எதுக்கால போட்டேன். வெடியால ஆட்டுக்கால் சூப்பு, பதினொரு மணிக்கு முட்டை, மத்தியானம் நாட்டுக்கோழி, பொழுதோட மறுபடி சூப்பு. எந்திரிக்க உடமாட்டேன், திரும்ப உடமாட்டேன். முடிகூட நான்தான் சீவுவேன். தண்ணி டம்ளர எட்டி எடுக்கப் போனாருன்னா ஓடிப் போயி நான் எடுத்துக் குடுப்பேன். சோத்தை உருட்டி வாயில வெச்சேன். மொத நாளு கூச்சப்பட்டாரு. அப்பறம் வாயத் தொறந்தாரு.

உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, அந்த மொத மாசம் மாதிரி ஒரு மாசம் எங்களுக்கு அமைஞ்சதே இல்ல. மனுசன் பேசறாரு கண்ணு! பிரம்மபுத்திரா ஆத்துல அக்கரை தெரியாதாம். ஏதோ ஒரு தாபாக்காரன் எம்படத்தக் காட்டச் சொல்லி, "அக்கா நல்லாயிருக்குதா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பானாம். எம்படத்தச் சட்டைப் பையில வெச்சிருந்தாருங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். சாயங்காலமானா ரெண்டு பேரும் சீரியல் பாப்போம். மாமியாக்காரி வந்தா அவரு திட்டுவாரு, நான் சிரிப்பேன்.

இப்படி இருக்கறப்பத்தான் ஸ்கூட்டில வந்தா அந்தப் பொம்பளை.

பிரிசில்லான்னு பேரு. நாகர்கோயில் பக்கம். நாப்பது வயசிருக்கும், ஒடம்பு கம்பி மாதிரி. பிசியோதெரப்பியாம், டாக்டர் அனுப்புனாராம். செருப்பக் கழட்டுனா, நேரா அவருகிட்டப் போனா, போர்வைய உருவுனா. "அண்ணாச்சி, பெருவெரலை ஆட்டுங்க பாப்பம்"னா.

நான் போர்வைய இழுத்து மறுபடி மூடுனேன். "ஏனுங்க, அசையக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"ஊனக்கூடாதுன்னுதான் சொல்லியிருப்பாரு. ஊனாம, படுத்த வாக்குலயே ஆயிரம் வேலை செய்யலாம்மா" அப்படின்னு சொல்லிப்போட்டு, அவரப் பாத்து, "லாரி டிரைவராமே? ஆக்சிலேட்டர மிதிங்க. உடுங்க. மிதிங்க. உடுங்க"ன்னா. பாதத்த முன்னால பின்னால ஆட்டறதுக்கு ஆக்சிலேட்டராம். முட்டிக்கு அடியில துண்டச் சுருட்டி வெச்சு அதை அமுத்தறது பிரேக்காம். நல்ல காலைத் தூக்கித் தூக்கி எறக்கறது கிளட்சாம். எங்கூட்டுக்காரர் பல்லக் கடிச்சுக்கிட்டு அமுத்துனாரு, "ஆ"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. அவ்வளவுதான், நான் குறுக்க பூந்துட்டேன்.

"போதுமுங்க. வலிக்குது அவருக்கு."

"வலிக்கத்தாம்மா செய்யும். படுத்தே கிடந்தா சதை கரஞ்சு போவும். எலும்பு வலுவத்துப் போவும். நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும். ராக்கெட்டுல ஆகாசத்துக்குப் போறவங்க தெரியுமா? அங்க ஒடம்புக்கு எடையே கெடையாது. காலுக்கு வேலையே இல்ல. அப்படியே இருந்துட்டுக் கீழ வந்தா நிக்க முடியாது. அதனால அவங்க தெனமும் ரெண்டு மணி நேரம் ஒடம்ப வாரு போட்டுக் கட்டிக்கிட்டு ஓடுவாங்க, பாரம் இழுப்பாங்க."

"எங்கூட்டுக்காரர் ராக்கெட்டுலயா போயிருக்காரு? கட்டில்லதான கெடக்கறாரு?"

"காலுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னா.

எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. ராக்கெட்டுல போறவனுக்கு சூப்பு வெச்சுக் குடுக்க அங்க ஆளு இருக்குதா? அவன் ஓடித்தான் ஆகணும். இவருக்கு நான் இருக்கறனே!

ரெண்டாந் தடவை வந்தப்ப, அவரு தூங்கறாருன்னு வாசல்லயே திருப்பி அனுப்புனேன். மூணாந் தடவை, சொரம்னேன். நாலாந் தடவை சாக்கு ஒண்ணும் வாயில வருல. "அவரு வெளிய போயிருக்காருங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. "காலை உட்டுட்டா போனாரு?"ன்னு கேட்டுட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. அதோட வருல. உட்டுச்சு சனின்னு இருந்தேன்.

அப்பறம் ஒரு மாசத்துல, கண்ணு பட்டுருச்சு. ஆமா, கண்ணுதான். கணுக்காலுக்கு மேல கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன் அவருக்கு. அது லூசாகிப் பாதத்துக்கு எறங்கிருச்சு. முடிச்ச இறுக்கிக் கட்டுனேன். பத்து நாள்ல மறுபடி எறங்குது. மறுபடி கட்டுனேன். மறுபடி எறங்குது. கயிறு வித்தவன் நைலான் கயித்தக் குடுத்து ஏமாத்திப்போட்டான்னு சந்தைக்கே போயி அவங்கிட்டச் சண்டை புடிச்சேன். அவன் பாவம், வேற கயிறு குடுத்தான். அதுவும் எறங்குச்சு.

சூப்ப ரெண்டு வேளைல இருந்து மூணு வேளையாக்குனேன். வயிறுதான் வந்துச்சு, காலுக்குப் போகுல. முதுகுல அங்கங்க செவந்துச்சு. தலைகாணி வெச்சு சித்தெ சாச்சு உக்கார வெச்சா, கண்ணக் கட்டுதுங்கறாரு. ஒரு நாளு நான் போர்வைய மாத்தறப்ப குனிஞ்சு தொடையப் பாத்தாரு. ரெண்டு கையாலயும் வளைச்சுப் புடிச்சுப் பாத்தாரு. வெரலும் வெரலும் தொட்டுக்கிச்சு. ரெண்டு ஆளு சேந்து தூக்கற ஸ்டெப்னி டயரை ஒத்தையாளா உருட்டிக் கழட்டி மாட்டுன காலு கண்ணு அது.

"பாவாயி, இது என்ற காலா?"ன்னு கேட்டாரு.

தைரியம் சொல்லணும்ல? "காலு கெடக்குது உடுங்க. நான் இருக்கறப்ப உங்களுக்குக் காலு எதுக்கு?"ன்னேன். சந்தோசப்படுவாருன்னுதான் சொன்னேன். அவரு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. அன்னைக்கு சீரியல்ல மாமியாக்காரி வந்தும் திட்டுல.

ரெண்டு நாளு கழிச்சு அவரே கூப்புட்டாரு. "பாவாயி, எனக்கு ஒரு வேண்டுதல் தோணுது. நீ தெருக்கோடி விநாயகரத் தெனமும் நூத்தியெட்டு சுத்து சுத்தணும். நாப்பத்தெட்டு நாளு. சுத்துனா நான் நடந்துருவேன்னு மனசுல படுது. வெடியால பத்து மணிக்குப் போயி, அவசரப்படாம நிதானமாச் சுத்திட்டு வா"ன்னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோயில் பக்கமே தலைவெச்சுப் படுக்காத மனுசன்! என்ற மேல எவ்வளவு நம்பிக்கை இருந்தா எங்கிட்டச் சொல்லுவாரு! நான் அப்ப முட்டி வலிக்காரி. பத்துப் படி ஏறுனா மேல்மூச்சு வாங்கும். ஆனாலும் சுத்துனேன். மொத நாளு ஒண்ணரை மணி நேரமாச்சு. வூட்டுக்கு வந்ததும் அவரு கேப்பாரு, "முழுசாச் சுத்துனயா? கொறச்சறாத புள்ள, பலிக்காது"ன்னு. பத்து நாளைக்கப்பறம் நான் ஒரு மணி நேரத்துலயே முடிச்சுட்டேன்னதும் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "அத்தன வெரசாச் சுத்துனா சாமிக்குத் தலை கிறுகிறுங்காதா?"ன்னாரு.

பலன் தெரிஞ்சுது கண்ணு! நான் கோயில்ல இருந்து வர்றப்ப அவரு சட்டையெல்லாம் வேர்வை. ஒடம்புல இருந்த கெட்ட சூடெல்லாம் எறங்குதுன்னு விநாயகருக்குத் தேங்காய் ஒடச்சேன். கட்டிலுக்கடியில ஒடஞ்ச பலூன் கெடந்துச்சு, பக்கத்தூட்டுக் கொழந்தைக போட்டுதுன்னு கூட்டித் தள்ளுனேன். தலைகாணிக்கடியில ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டு இருந்துச்சு. ரெண்டு மூலையிலயும் நாடா வேற கட்டியிருக்குது. "இது எதுக்குங்க?"ன்னா, முழிக்கறாரு. "பசிச்சுது"ங்கறாரு. பச்சைப் பருப்பைத் திங்கற அளவுக்குப் பசியான்னு அன்னைல இருந்து மத்தியானம் ரெண்டு முட்டை சேத்து வெச்சேன். கறுப்புக் கயிறும் எறங்காம நின்னுக்கிச்சு. கயித்துக்காரன்கிட்டப் போயி, இதுதான்டா நல்ல கயிறுன்னு சொல்லிட்டு வந்தேன்.

நாப்பத்தியோராம் நாளு. கோயில்ல சுத்தற எடத்துல புதுசா சிமெண்ட்டுப் பூசியிருக்காங்க, இன்னும் காயுல. நான் பாக்காம முப்பது சுத்து சுத்திப்போட்டேன். பூசாரி கத்தறாரு, "அம்மா, சாமியச் சுத்தி உங்க கால்தடமாத்தான் இருக்குது பாருங்க!"ன்னு. மிச்சத்த நாளைக்குச் சுத்துங்கன்னு தொரத்தி உட்டுட்டாரு. வந்தேன் வூட்டுக்கு. வாசல்ல ஸ்கூட்டி.

சன்னல்ல எட்டிப் பாக்கறேன். எங்கூட்டுக்காரர் மல்லாந்து கெடக்கறாரு, முட்டி ரெண்டும் மடக்கியிருக்குது. பிரிசில்லா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கறா.

"மேடு வருது அண்ணாச்சி! மலைப்பாதை! இடுப்பத் தூக்குங்க, தூக்குங்க... லோடு ஏத்துன வண்டி, பின்னால உருண்டுரும், கியர மாத்துங்க!"

இவரு "ம்ம்ம்ம்"னு இஞ்சின் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு, இடுப்பக் கட்டிலுக்கு மேல ஒரு முழம் தூக்கி நிக்கறாரு. மொகமெல்லாம் வேர்வை. நரம்பெல்லாம் பொடைக்குது. எறக்குனதும் சிரிக்கறாரு பாரு. நான் நாலு கோழி அடிச்சு ஊட்டறப்பக்கூட அப்படிச் சிரிச்சதில்ல.

கதவ ஒரே தள்ளு. "ஏனுங்க, நான் அங்க சாமியச் சுத்தறேன், நீங்க இங்க என்னையச் சுத்த உடறீங்களா?"ன்னு ஒரு கத்து கத்துனேன் பாரு.

பயத்துல மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு.

நெசமாத்தான் சொல்றேன். படுத்துக் கெடந்தவரு கட்டிலுக்கு அக்கட்டால காலப் போட்டு, தரையில நின்னுட்டாரு. பிரிசில்லா அலர்றா, "முழு வெயிட்டையும் போடாதிய! வாக்கரப் புடிங்க! வாக்கரப் புடிங்க!"ன்னு. கட்டிலுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்த வாக்கர இழுத்து அவரு கைக்குள்ள திணிச்சா. காலு வெடவெடங்குது, ஆனா நிக்கறாரு. நான் கத்தறத நிறுத்திட்டேன். ஏன்னா அவரு மொகத்தப் பாக்கறதுக்கு நான் அண்ணாந்து பாக்க வேண்டியிருந்துச்சு. எங்கூட்டுக்காரர் அத்தன ஒசரம்ங்கறது எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

"சொன்னா உட்டிருப்பியா புள்ள?"ன்னாரு.

"நான் உங்களுக்கு என்னங்க கொறை வெச்சேன்?"

"ஒரு கொறையுமில்ல. நல்லாத்தான் இருந்துச்சு. இப்படியே கெடந்தரலாம்னு ஒரு நாளு எனக்கே தோணிருச்சு பாவாயி. அன்னைக்குத்தான் பயந்துட்டேன். நீ பால் வாங்கப் போனப்ப அந்தம்மாளுக்கு நான்தான் போன் பண்ணுனேன். நெஞ்சுச் சளிக்குப் பலூன் ஊதுனது, காலுல பருப்பக் கட்டித் தூக்குனது எல்லாம் அதுக்கப்பறந்தான்."

நான் ஒரு வாரம் அவருகிட்டப் பேசுல. ஆனா மிச்ச ஏழு நாளும் சுத்தி முடிச்சேன். நடுவுல உடலாமா? காலு நல்லானது விநாயகராலதான். பிரிசில்லாவும் சித்தெ ஒத்தாசை பண்ணுனா, இல்லீன்னு சொல்லுல.

அப்பறம் வாக்கர், அப்பறம் ஒத்தக் கம்பு, அப்பறம் கம்பில்லாம. மார்கழில தெருக்கோடி வரைக்கும் தனியாப் போயிட்டு வந்தாரு. பொங்கலுக்கு மறு வாரம் லாரி ஓனர் கூப்புட்டாரு. டாக்டர் பாத்துட்டு, ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. இவரு பேண்ட மாட்டுனாரு, பையத் தூக்குனாரு, நடந்தாரு. திரும்பிப் பாத்துக் கையாட்டுனாரு, அது வேற. நடக்கணும்னுதான் நான் நாப்பத்தெட்டு நாளு வேண்டிக்கிட்டேன். எந்தப் பக்கமா நடக்கணும்னு வேண்டிக்க எனக்குத் தோணவே இல்ல பாரு.

கட்டில உள்ற எடுத்துப் போட்டாச்சு. டிவிக்கு முன்னால எடம் பப்பரப்பான்னு கெடக்குது. சீரியல்ல மாமியாக்காரிய நான் ஒருத்தியே திட்டறேன், சொகமா இல்ல.

போன வாரம் பிரிசில்லா வந்தா. கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தாளாம். அவரு இப்பப் பக்கத்து லோடா ஓட்டறாரு, அடுத்து இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு ஏத்தப் போறாருன்னதும் தலையில கைய வெச்சுக்கிட்டா. "அதுக்குள்ளயா? உக்காந்தே ஓட்டுனா அந்தக் காலு மறுபடி மரக்கட்டையாயிரும்மா. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வண்டிய நிறுத்திப் பத்து நிமிசம் நடக்கணும். தெனமும் காலுக்குப் பாரம் கட்டித் தூக்கணும். தனியா இருந்தா செய்ய மாட்டாரு. யாராச்சும் கூட இருந்து வெரட்டணும்"னா.

கிளீனரு பேச்சை இவரு கேக்க மாட்டாரு. எங்க பொண்ணு கரூர்ல ரெண்டு கொழந்தைகளோட இருக்கறா, அவளால முடியாது. யாரு இருக்கறாங்க, யாரு இருக்கறாங்கன்னு நானும் ஒரு நாளு முழுக்க யோசனை பண்ணுனேன் கண்ணு. அடுத்த நாளு பிரிசில்லாவுக்குப் போன் பண்ணி, "லாரில ஏறற மொதப் படி எத்தன ஒசரமிருக்கும்?"னு கேட்டேன். எதுக்கும்மான்னு கேட்டா, சொன்னேன். அப்பறம் சிரிச்சா. "வாரேம்மா"ன்னா. மூணு நாளு என்னையத் தண்ணித்தொட்டிச் செவுத்து மேல ஏத்தி ஏத்தி எறக்குனா. மொத நாளு முட்டி கழண்டு போச்சுன்னு நெனச்சேன். நிறுத்தலாமுன்னா உடமாட்டேங்கறா. "இன்னும் பத்து"ங்கறா. ராட்சசி.

இப்ப ஏறிருவேன். ஏழெட்டு நாளு போக வர. அவரு சட்டைப் பையில இருக்கற படத்த அந்த தாபாக்காரனுக்குக் காட்ட வேண்டியதில்ல, நேர்லயே காட்டட்டும். அவன் தாபா இந்த ரூட்ல வருமோ என்னமோ, அது பொறவு பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு, மூணு மணி நேரமாச்சுன்னா ஒரு நிமிசம் தாண்ட உடமாட்டேன். வலிக்குதும்பாரு. வலிச்சா என்ன? வலிக்கத்தான் செய்யும். படுத்தே கெடந்தா, உக்காந்தே கெடந்தா சதை கரஞ்சு போகும் கண்ணு, எலும்பு வலுவத்துப் போகும், இதெல்லாம் ஆருக்குத் தெரியுது? ராக்கெட்டுல போறவங்ககூட ரெண்டு மணி நேரம் ஓடறாங்க.

அவருக்குத் தெரியாது நான் வர்றது. பொண்ணூட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்கறேன். பொய்யிங்கறயா? அவரு நாப்பத்தியோரு நாளு சொன்னாரு. நான் ஒரு நாளு சொல்றேன்.

இரு, போனு அடிக்குது. அவருதான்.

"சொல்லுங்க... ஆமாங்க, கரூருக்கு வந்து சேந்துட்டேன். கொழந்தைக நல்லாயிருக்குதுங்க. நீங்க லோடு ஏத்தியாச்சா?... தார்ப்பாய் கட்டறாங்களா, அதுவரைக்கும் நீங்க என்ன பண்றீங்க? உக்காந்துதான இருக்கறீங்க? எந்திரிங்க. எந்திரிச்சுச் சித்தெ நடங்க... எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும்... இல்லீங்க, அது கண்டக்டரு இல்லீங்க. சேலம்னு கத்தறது டிவிலங்க... சீரியல்ல பஸ்ஸுல போறாங்க... ஆமா, பகல்லயும் போடறாங்க. சரி, வெச்சிடறேன், நீங்க நடங்க."

சிரிக்காத கண்ணு. மேல அந்தப் பச்சைப் பையைச் சித்தெ எடுத்துக் குடு. பாத்து, கனமா இருக்கும். ரெண்டு கிலோ பருப்பு இருக்குது.